சாட்சிக்காரி நகர்ந்தாள்

மேடம் எழுதிய அறிக்கை ஏழு பக்கம். எங்களைத் தேடி வந்த பெண் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் எல்லாம் கிழியும் நிலையில் இருந்தன.

"எங்க வீட்டுக்காரர் குடிச்சிருந்தார்னு இதுல அஞ்சு இடத்துல வருது மேடம். எண்ணிப் பார்த்தேன்."

காலை எட்டு மணி. ஐஸ் ஃபாக்டரியில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டி எங்கள் தரையில் சின்னக் குளம் கட்டிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை, அதுதான் எங்கள் அலுவலகம். மேடம் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தவர். நான் இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். எல்லோருக்கும் நான் இன்னும் கண்டக்டர்தான். கூட்டத்தில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பதுதான் என் தகுதிச் சான்றிதழ்.

அந்தப் பெண்ணின் கணவர், பயணிகளை ஏற்றும் லாஞ்ச் படகின் டிரைவர். மூன்று வாரத்துக்கு முன்பு, மழைக்காலம் முடிந்து சீசனின் முதல் பயணம். நாற்பத்து மூன்று பேரோடு வந்த லாஞ்ச், துறைமுக வாசலில் தண்ணீருக்கடியில் இருக்கும் பாறைத் திட்டில் ஏறி உடைந்தது. மீன்பிடிப் படகுகள் எல்லோரையும் காப்பாற்றிவிட்டன. ஆனால் ஒரு தையல்காரரின் வலது கை லாஞ்சுக்கும் திட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி எங்களை விசாரிக்கச் சொன்னது. டிரைவர் குடித்திருந்தார் என்று எழுதிக் கொடுத்தோம். அதை வைத்து இன்று மதியம் மூன்று மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் இறுதி விசாரணை. லைசென்ஸ் போகும். அதற்கு அடுத்த வாசல் போலீஸ்.

"அவர் மேல பிராந்தி வாசனை வந்துச்சும்மா," என்றார் மேடம்.

"வந்துச்சு. தண்ணியில இருந்து தூக்கும்போது உடம்பு விறைச்சுப் போயிருந்துச்சு. தூக்கினவங்கதான் நெஞ்சுலயும் உள்ளங்கால்லயும் அதைத் தேய்ச்சாங்க. நீங்க வந்து பார்த்தது ரெண்டு மணி நேரம் கழிச்சு. யார் தேய்ச்சான்னு நீங்க கேக்கவே இல்ல."

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். ஏனென்றால் அந்த வாசனையை முதலில் பிடித்தது மேடம் இல்லை, என் மூக்கு. 'இவர் தலையில திரி வச்சா ஸ்டவ் மாதிரி எரிவார் மேடம்' என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பும் சேர்ந்துதான் ஏழு பக்கம் ஆனது.

"அன்னைக்கு அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"சாட்சிக்காரி நகர்ந்துட்டான்னு சொன்னார்."

"அதை எப்படி எழுதியிருக்கீங்க?"

மேடம் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார். "'போதையின் விளைவாகப் பிதற்றினார்.'"

"ஒரு வாரம் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தார். அப்புறம் டக்குனு நிறுத்திட்டார். இப்ப கேட்டா, தப்பு என்னோடதுதான்னு தட்டைப் பார்த்துக்கிட்டே சொல்றார். உங்ககிட்ட சண்டை போட வரல மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க மலைக்குப் போய் அவளைப் பார்த்தீங்களா?"

"இல்ல," என்றார் மேடம்.

எத்தனையோ பேரின் வாயிலிருந்து எத்தனையோ உண்மைகளைப் பிடுங்கியவர். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னதாக ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர்க் கரையில் ஒரு மலை, கடலுக்குள் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் தோளில், தலையில் மூட்டை வைத்த பெண் மாதிரி ஒரு பாறை. அவள்தான் சாட்சிக்காரி. அந்தக் காலத்தில் ஒரு படகுக்காரன் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிப் படகைக் கவிழ்த்துவிட்டு, காற்றுதான் காரணம் என்று சத்தியம் செய்தானாம். உப்பு விற்கிற ஒருத்தி நம்பவில்லை. 'இனிமே நீ எத்தனை பேரை ஏத்துறேன்னு மேலேயிருந்து எண்ணுறேன்' என்று மூட்டையோடு மலை ஏறினாள். இறங்கவே இல்லை. கல்லாகி இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பொய்யன் சுக்கான் பிடித்தால் அவளுக்குப் பொறுக்காது. தள்ளி நின்றுகொண்டு வழி காட்ட மறுத்துவிடுவாள். எங்கள் ஊரில் காதலர்கள் அவள் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் சத்தியம் செய்வார்கள். என் மனைவி விவரமானவள். கல்யாணத்துக்கு முன்பே என்னைத் திருப்பி நிறுத்தினாள்.

இது கதை. அவளுக்கு ஒரு வேலையும் உண்டு. வருஷா வருஷம் மழை முடிந்ததும் அவளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கடலிலிருந்து வரும் டிரைவர், அந்த வெள்ளைப் பாறையும் ஐஸ் ஃபாக்டரியின் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரியும்படி லாஞ்சைக் கொண்டு வந்தால் திட்டில் மோதாமல் உள்ளே வரலாம். கோடு தப்பினால் லாஞ்ச் போச்சு. ஊருக்குள்ளிருந்து பார்த்தால் அவள் தெரிய மாட்டாள். கடலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் முகம் காட்டுவாள்.

பத்து மணிக்கு மலை அடிவாரத்தில் இருந்தோம். படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு டீக்கடை. நான் மூச்சைச் சேமித்துக்கொள்வதற்காக இரண்டு டீ சொன்னேன்.

"மூணு வாரம் முன்னாடி சாட்சிக்காரி நகர்ந்தாளாமே, உண்மையா?" என்று மேடம் கேட்டார்.

"நகர்ந்தாளாமேவா?" டீக்கடைக்காரர் கோபித்துக்கொண்டார். "நாலு படகுக்காரங்க கண்ணால பார்த்தாங்க. இடது பக்கமாத் தள்ளி, கொஞ்சம் கீழ இறங்கி நின்னாளாம். அவங்க படகு சின்னது, திட்டு மேலயே போயிடும். அந்த டிரைவர் மாட்டிக்கிட்டான்."

"நாலு பேர் பார்த்தாங்களா? யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஊருக்கே சொன்னாங்களே! அவன் பொய்யன், குடிச்சிருக்கான், அதனாலதான் அவ நகர்ந்தான்னு ஊருக்கே தெரியும்."

மேடத்தின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. நான்கு சாட்சிகள் இருந்திருக்கிறார்கள். நான்கு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட ஊர் முழுவதும் அதை டிரைவருக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொண்டதே தவிர, ஒரு பாறை எப்படி நகரும் என்று ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. அண்ணாந்து பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நாங்கள் உட்பட.

"இப்ப எங்க நிக்கிறா?"

"பழைய இடத்துக்கே வந்துட்டா. ஒரு வாரத்துல வந்துட்டா. அவன்தான் லாஞ்சை விட்டு இறங்கிட்டானே, அப்புறம் அவளுக்கு என்ன கோபம்?"

"போக வர ரெண்டு டிக்கெட்டும் எடுத்திருக்கா மேடம்," என்றேன் நான். மேடம் சிரிக்கவில்லை. நியாயம்தான். என் ஜோக்குகளுக்கு இன்று மதிப்பில்லை.

கருங்கல் படிகள் செங்குத்தாக ஏறின. எனக்கு முன்னால் என் தொப்பை ஏறியது. கொஞ்ச தூரத்தில் மேடம் நின்று குனிந்தார். படியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். வாளியின் அடிப்பாகம் அளவுக்கு, சுண்ணாம்பு வழிந்து காய்ந்த வளையம்.

"வாளியை இறக்கி வச்சிருக்காங்க," என்றேன். "எத்தனாவது படி இது?"

"நாப்பது. எண்ணிக்கிட்டே வந்தேன்."

முப்பது படி தாண்டி அடுத்த வளையம். அப்புறம் இருபத்திரண்டு படி. அப்புறம் பன்னிரண்டு. அப்புறம் எட்டு. மேடம் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். மேலே நெருங்க நெருங்க ஐந்து படிக்கு ஒரு வளையம். கடைசியில் மூன்று படிக்கு ஒன்று. அதன் பக்கத்துப் படியில் ஆள் உட்கார்ந்த தடம்கூட வெள்ளையாகத் தெரிந்தது.

"எக்ஸ்பிரஸ்ஸா கிளம்பி, பாதியில டவுன் பஸ்ஸாகி, கடைசியில கையைக் காட்டின இடத்துல எல்லாம் நின்னிருக்கு," என்றேன்.

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். "சரியாச் சொன்னீங்க கண்டக்டர். இது உடம்பு முடியாதவர் ஏறின வழி."

"நான் போட்டி லாஞ்ச் ஓனரைச் சந்தேகப்பட்டுக்கிட்டு வந்தேன் மேடம். சதின்னு."

"சதி பண்ண வர்றவன் மூணு படிக்கு ஒரு தடவை வாளியை வச்சு மூச்சு வாங்குவானா?"

என் போட்டி லாஞ்ச் ஓனர் அந்த இடத்திலேயே விடுதலை ஆனார்.

படிகள் ஒரு சமதளத்தில் முடிந்தன. அங்கிருந்து பாறைச் சுவரில் பதித்த இரும்பு ஏணி ஒன்று நேர் மேலே போனது. முப்பது கம்பி இருக்கும். ஏணியின் உச்சியில், வெள்ளை வெளேரென்று, மூட்டையோடு சாட்சிக்காரி. சமதளத்திலேயே இடது பக்கம் நூறு அடி தள்ளி, கிட்டத்தட்ட அவள் அளவுக்கே இன்னொரு பாறை. அது சாம்பல் நிறத்தில், கேட்பாரில்லாமல் நின்றது.

மேடம் அந்தக் கேட்பாரில்லாத பாறையிடம்தான் முதலில் போனார். கடலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த கீறல்கள். விரல் நகத்தைப் பாறையின் வெடிப்புக்குள் விட்டு எடுத்தார். நகத்தில் வெள்ளை.

"இதுக்குத்தான் முதல்ல சுண்ணாம்பு அடிச்சிருக்கு. அப்புறம் யாரோ தேய்ச்சு எடுத்திருக்காங்க."

பிறகு ஏணியில் ஏறினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஏறிய வேகத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே நின்று ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது பாறையில் பதித்த ஏணி. நான் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

"மேலே வாளி வச்ச தடம் ஒண்ணுகூட இல்ல!" அவர் குரல் வந்தது. "சுண்ணாம்புத் தூள் பாக்கெட் ஒண்ணு கல்லுக்கு அடியில கிடக்கு. காலித் தண்ணி கேனும் இருக்கு. தூளா எடுத்துட்டு வந்து இங்கேயே கலந்திருக்காங்க."

"அப்ப இது வேற ஆளு மேடம். கெடுத்தவர் ஒருத்தர், சரி பண்ணவர் ஒருத்தர்."

"முடியாதவர் தப்பான பாறைக்கு அடிச்சுட்டுப் போயிட்டார். விபத்துக்கு அப்புறம் உடம்புல தெம்பிருக்கிற ஒருத்தர் வந்து அதைச் சுரண்டிட்டு, சரியான பாறைக்கு அடிச்சிருக்கார். ஆனா ஊர்ல யார்கிட்டயும் சொல்லல." ஏணியில் இறங்கி வந்து கைகளைத் தட்டிக்கொண்டார். "டிரைவர் பொய் சொல்லல கண்டக்டர். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நான்தான் அதைப் பிதற்றல்னு எழுதினேன்."

"வாசனை வருதுன்னு சொன்னது நான் மேடம்."

"கேக்காம எழுதினது நான்."

அதில் போட்டி போட எனக்கு மனமில்லை. இறங்கினோம்.

டிரைவரின் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லாத கட்டடம். பன்னிரண்டரை மணிக்கு நாங்கள் போனபோது அவர் மனைவி கதவைத் திறந்தார். டிரைவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தண்டனை கொடுக்க வந்தவர்களுக்கு எழுந்து நிற்கிற மாதிரி.

"உட்காருங்க," என்றார் மேடம். "சாட்சிக்காரி நகர்ந்தது உண்மை. ஆதாரம் கிடைச்சிருச்சு. உங்க பேர்ல தப்பில்ல."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். டிரைவரின் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். பயம்தான் வந்தது.

"மேடம், விட்டுடுங்க," என்றார். "மூணு மணிக்கு நானே ஒத்துக்கிறேன். இதைக் கிளற வேண்டாம்."

டிக்கெட் எடுக்காதவன் முகம் எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்தும் எடுக்கவில்லை என்று சொல்கிற முகத்தை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

மேடம் மனைவியிடம் திரும்பினார். "வருஷா வருஷம் அவளுக்கு வெள்ளை அடிக்கிறது யாரும்மா?"

பதில் வருவதற்கு முன் மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் ஐந்து படி வந்தது. நின்றது. நீளமாக ஒரு மூச்சு. மறுபடி ஐந்து. நின்றது. அப்புறம் மூன்று.

மேடம் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க அப்பாதான்," என்றார் அந்தப் பெண். சொல்லி முடித்த பிறகுதான், தான் எதற்குப் பதில் சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. கதவைப் பார்த்துத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். கையில் மருந்துக்கடைக் கவர். துறைமுகத்தில் பெரிய பெயிண்டர் என்றால் இவர்தான். படகுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். முப்பத்தோரு வருஷமாகச் சாட்சிக்காரிக்குச் சட்டை மாற்றுவதும் இவர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வேறு யாரையும் கிட்டவே விடமாட்டார். மகள் வீட்டில்தான் இருக்கிறார். அதாவது, டிரைவரின் மாமனார்.

மேடம் குற்றம் சாட்டவில்லை. கேள்விகூடக் கேட்கவில்லை. மனப்பாடமாக எண்களை மட்டும் சொன்னார்.

"நாப்பது. முப்பது. இருபத்திரண்டு. பன்னெண்டு. எட்டு. அஞ்சு. மூணு."

பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணுக்கு அப்புறம் ஏணி."

அவர் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தார்.

"ரெண்டு கம்பி ஏறினேன். கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. வாளியோட கீழ இறங்கிட்டேன். திரும்பி வந்து முடியலன்னு சொல்லியிருக்கணும். சொன்னா அடுத்த வருஷம் வேற ஆளை அனுப்புவாங்க. பக்கத்துல அந்தப் பாறை இருந்துச்சு. கடல்ல இருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சு அடிச்சுட்டு வந்துட்டேன்." மருந்துக் கவரைப் பிசைந்துகொண்டே இருந்தார். "லாஞ்ச் உடைஞ்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு... மூணு வாரமா இவர் எதிர்லதான் உட்கார்ந்து சாப்பிடறேன். இவர் முகத்தைப் பார்க்கவே இல்ல."

"அப்பா, மலைக்குப் போகாதீங்க, மூச்சு வாங்குதுன்னு நான் சொன்னேன்ல?" மகளின் குரல் உடைந்தது. "நான் இவரைக் காப்பாத்தணும்னு மேடத்தைத் தேடிப் போனேன். உங்களைக் காட்டிக் கொடுக்கவா போனேன்?"



"அப்புறமாவது போய்ச் சரி பண்ணீங்களே," என்றார் மேடம், கொஞ்சம் இறங்கிய குரலில். "யாரையோ துணைக்கு வச்சு. அந்த மட்டுக்கும் நல்லது."

பெரியவர் நிமிர்ந்தார். "சரி பண்ணேனா? நான் அந்தப் பக்கமே போகல. இந்த மாடி ஏறவே எனக்கு உயிர் போகுது."

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பஸ்ஸில் அதைப் பத்தாயிரம் தடவை பார்த்திருக்கிறேன். "கையைக் காட்டுங்க சார்," என்றேன்.

காட்டினார். விரல் முட்டிகளில் சுண்ணாம்பில் வெந்து, உரிந்து, ஆறிக்கொண்டிருந்த புண்கள்.

"லாஞ்ச் மோதி ஒரு வாரம் கழிச்சு மேல போய்ப் பார்த்தேன்," என்றார் டிரைவர். "பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. மாமாவைத் தவிர அங்க யாரும் பிரஷ் எடுத்துட்டுப் போறதில்ல. அப்படியே விட்டா இன்னொரு லாஞ்ச் மோதும். அதனால அவளுக்கு நான் அடிச்சேன். அந்தப் பக்கத்துப் பாறைச் சுண்ணாம்பை விட்டு வச்சா மாமா மாட்டிக்குவார். அதனால சுரண்டிட்டேன். படியில இருந்த வளையத்தை நான் கவனிக்கல."

"உங்களைக் காப்பாத்த இருந்த ஒரே சாட்சியை நீங்களே அழிச்சிருக்கீங்க," என்றார் மேடம்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"ஏங்க? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்று மனைவி அவர் கையைப் பிடித்தார்.

"எப்படிச் சொல்லுவேன்? ஊர்ல அவர் நடந்துபோனா படகுக்காரங்க எல்லாம் எழுந்து நிப்பாங்க. அந்த மனுஷன் வீட்டுக்குள்ள என் கண்ணைப் பார்க்காமலே சாப்பிட்டுட்டு தட்டோட அடுப்படிக்குப் போறார். நான் கேட்டா ஒண்ணு அவர் பொய் சொல்லணும், இல்ல ஒத்துக்கணும். ரெண்டையும் அவர் வாயால கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

பெரியவர் மருந்துக் கவரால் முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை நாள் மருமகனிடமிருந்து தான் ஒளிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தார். அவர் ஒளிவதற்கு மருமகன்தான் இடம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கவருக்குள்ளிருந்து மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மேடம் எழுந்தார். "மூணு மணிக்கு நான் பேசப் போறேன். உங்களைப் பத்தி நான் சொல்லணுமா, நீங்களே சொல்றீங்களா, அதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

துறைமுக அலுவலகத்தின் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தையல்காரர். வலது கைச் சட்டையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். ஊக்கு கோணலாக இருந்தது. இடது கையால் குத்தியிருப்பார்.

விசாரணை அதிகாரி எங்கள் அறிக்கையிலிருந்து படித்தார். "'சாட்சிக்காரி நகர்ந்ததாக, போதையின் விளைவாகப் பிதற்றினார்.'" கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மேடம் எழுந்து நின்றார். "ஐயா, அந்த அறிக்கை தப்பு."

"எந்த வரி?"

"எல்லா வரியும். அவர் குடிக்கல. காப்பாத்தினவங்க தேய்ச்ச பிராந்தி அது. நான் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். கேக்கல. அவர் சொன்ன பாறையை நான் போய்ப் பார்க்கல. நாற்காலியில உட்கார்ந்து எழுதினேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நானும் எழுந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஆனாலும் எழுந்தேன். "வாசனை வருதுன்னு முதல்ல சொன்னது நான்தான் ஐயா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முப்பது பேர் தொங்கும் பஸ்ஸில் கடைசி சீட் வரை கேட்ட குரல் அது.

பாறை எப்படி நகர்ந்தது என்று அதிகாரி கேட்டார். மேடம் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியவர் முன்னால் வந்தார். அதிகாரியிடம் போகாமல் தையல்காரரின் முன்னால் போய் நின்றார். எல்லாவற்றையும் அவரிடமே சொன்னார். வாளி, ஏணி, இரண்டு கம்பி, பக்கத்துப் பாறை. எதையும் விடவில்லை, எதற்கும் சமாதானம் சொல்லவில்லை.

தையல்காரர் முழுவதையும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"மேல ஏற முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஏறியிருப்பேனே," என்றார்.

பெரியவர் நின்ற இடத்திலேயே கூனிப்போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். டிரைவர் எழுந்து வந்து மாமனாரைப் பிடித்து உட்கார வைத்தார்.

டிரைவர் மேல் குற்றமில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பெரியவர் மேல் என்ன நடவடிக்கை என்பது பிறகு என்றார். கூட்டம் கலைந்தது. நேற்று வரை பொய்யன் என்று சொன்னவர்கள் டிரைவரைக் கடந்துபோகும்போது தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

மேடம் அவரிடம் போனார். "மன்னிச்சுக்கோங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. ஆனா கேக்கறேன்."

டிரைவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"இங்க சொல்லிட்டீங்க மேடம். ஆனா எங்க தெருவுல இருந்து யாரும் இங்க வரல. மூணு வாரமா அங்க என் பொண்ணை யாரும் விளையாடக் கூப்பிடறதில்ல. அங்கேயும் வந்து சொல்லணும்."

"எந்த வீட்டுல ஆரம்பிக்கட்டும்?"

"எங்க பில்டிங்ல கீழ் வீடு."

ஐந்து மணிக்கு அந்தக் கதவின் முன்னால் நின்றோம். மேடத்தின் கை மணியை அழுத்துவதற்கு முன் ஒரு தடவை இறங்கியது. மறுபடி ஏறியது. கதவைத் திறந்த பெண்ணின் கையில் துடைப்பம்.

"உங்க மூணாவது மாடி டிரைவர் குடிச்சுட்டு லாஞ்ச் ஓட்டினார்னு எழுதினது நான்," என்றார் மேடம். "அது பொய். அவர் குடிக்கவே இல்ல. நான் விசாரிக்காம எழுதிட்டேன்."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக மாடிப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"போன வாரம் அவர் எதிர்ல வந்தார்," என்றார். "வணக்கம்னு சொன்னார். நான் கதவைச் சாத்திட்டேன்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கைகளை ஆடையில் துடைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டிப் படியேறிப் போனார்.

அந்தக் கட்டடத்தில் இன்னும் பத்து வீடுகள் இருந்தன. தெருவில் இன்னும் நான்கு கட்டடங்கள். மேடம் அடுத்த கதவின் மணியை அழுத்தினார்.